பிழை வரம்பு

ஸ்கார்பரோ சந்தையில் இருபத்தெட்டு வருஷம்
தராசுகளுக்கு முத்திரை குத்துகிறவன் நான்.
அல்ஃபோர்ட் குவாஷி வருகிறான் என்றால்
மீன்காரிகள் தட்டின் அடியில் ஒட்டிய
ஈயத்துண்டை அவசரமாகச் சுரண்டுவார்கள்.
ஐந்து கிராம் வரை மன்னிப்பேன்.
ஆறாவது கிராமுக்கு அபராதம்.

அதனால்தான் டாக்டர் மெல்வில்
காகிதத்தை என் பக்கம் திருப்பி
ஆறு புள்ளி எட்டு என்றபோது
நான் கேட்டது ஒன்றே:
உங்கள் கருவியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்?

அவள் சிரிக்கவில்லை.
கருவி சரிதான் மிஸ்டர் குவாஷி,
இந்தச் சோதனை பையை நிறுக்கும்,
உள்ளே மீனா கல்லா என்று சொல்லாது என்றாள்.
சுரப்பி வீங்கினாலும் எண் ஏறும்,
கிருமி புகுந்தாலும் ஏறும்,
சைக்கிள் சீட்டில் அரை நாள் அழுந்தினாலும் ஏறும்.
அடுத்த முறை வருமுன்
இரண்டு நாள் சைக்கிள் வேண்டாம்.
இரண்டு நாள் மனைவியும் வேண்டாம்.

வெர்னிஸிடம் சொன்னேன்.
சைக்கிளுக்காக மட்டும் வருத்தப்படு என்றாள்
துணி மடித்துக்கொண்டே.

ஐந்து புள்ளி ஒன்று.
மூன்று மாதம் கழித்து
ஏழு புள்ளி நான்கு.
இப்படி ஊசலாடும் தராசை
அன்றைக்கே பறிமுதல் செய்திருப்பேன்.

ஹாலிஸுக்குப் பதினொன்று.
பன்னிரண்டு ஊசி இறக்கினார்கள்.
ஒன்றுமில்லை.
பிறகு குளிர்காய்ச்சல், ஒரு வாரம் ஆஸ்பத்திரி,
சிறுநீரில் ரத்தம்.
ஒன்றுமில்லை என்ற ஒரு சொல்லை
அந்த விலைக்கு வாங்கி வந்தான்.

எஸ்ராவுக்கு இரண்டு புள்ளி மூன்று.
அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு
பரிசுச் சீட்டு மாதிரி ரம் கடையில் காட்டினான்.
அடுத்த ஈஸ்டருக்கு
பக்கூ ஆட்டுப் பந்தயத்தில்
கயிற்றைப் பிடித்து ஆட்டோடு ஓடும் மகனைப் பார்க்க
வேலியோரம் அவனால் நிற்க முடியவில்லை.
முதுகு என்றான்.
முதுகில்லை, எலும்பு.
மூர்க்கமான வகை சிலது
சத்தம் போடாது, கணக்கிலும் வராது என்று
அப்புறம்தான் சொன்னார்கள்.
எந்த முத்திரையும் அவனைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

பிறகு என் ரத்தம் மயாமிக்குப் பறந்தது.
நான் இதுவரை போகாத ஊர்.
அங்கே நான்கு புரதங்களை எண்ணி,
என் வயதையும் சேர்த்துக் கலக்கி,
பதினெட்டு சதவீதம் என்று
திருப்பி அனுப்பினார்கள்.

உங்களைப் போல் நூறு பேர் வந்தால்
பதினெட்டுப் பேருக்கு அந்த மோசமான வகை, என்றாள் மெல்வில்.
அன்று இரவு நூறு பேரையும் சந்தை முழுக்க நிறுத்தினேன்:
தேங்காய் வெட்டும் க்ளைவ்,
பாதிரியார்,
எனக்கு ஒருமுறை லஞ்சம் நீட்டிய கோழிக்கடைக்காரன்.
பதினெட்டாவது ஆளுக்கும்
பத்தொன்பதாவது ஆளுக்கும் நடுவே
சாக்குக்கட்டியால் கோடு போடப் போனேன்.
விடிந்துவிட்டது.

காலையில் எர்மின் கேட்டாள்,
எப்படி இருக்கே இன்ஸ்பெக்டர்?
வரம்புக்குள், என்றேன்.
அவள் தராசு எட்டு கிராம் தள்ளியிருந்தது.
பார்த்தேன்.
எழுதவில்லை.

இன்று கப்பலில் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு
இரண்டு வேலையாகப் போகிறேன்.
என் பித்தளைப் படிக்கற்களை
தலைமைக் கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்,
வருஷா வருஷம் நடப்பது.
மத்தியானம் ஸ்கேன்.
கல்லுக்கு மாலைக்குள் சான்றிதழ் கிடைத்துவிடும்,
இத்தனை மில்லிகிராம் குறைவு என்று கையெழுத்தோடு.
எனக்குப் பத்து நாள் ஆகுமாம்.

மூட்டை ஏற்றும் பையன்
பெட்டியைத் தூக்கிப் பார்த்து இறக்கினான்.
என்ன கனம்! எவ்வளவு இருக்கும், மாமா?

பத்து கிலோ என்றேன்.
சரியாக, என்று சேர்க்க வாய் திறந்தேன்.
சங்கு ஊதியது.